குழியில் படுத்துப் பார்த்தவர்

தேரிக்காட்டின் செம்மணலுக்கு நடுவே கிருபாசனபுரம் என்றொரு ஊர். அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிப் பிழைத்தவர் சுவிசேஷமுத்து என்னும் அடியார். ஆலய மணி துக்கத்துக்கு அடிக்கத் தொடங்கினால், அது ஓய்வதற்குள் தோளில் மண்வெட்டியோடும் தலையில் துண்டோடும் தோட்டத்து வாசலில் நிற்பார். இறந்தவர் பெரிய வீட்டுக்காரரா, பனையேறியா, பிச்சைக்காரரா என்று அவர் கேட்டதில்லை. எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்பார்.

தேரி மணலில் குழி வெட்டுவது லேசான காரியம் அன்று. ஒரு கூடை அள்ளினால் அரைக் கூடை சரிந்து உள்ளே விழும். எந்தப் பக்கம் படி வைத்து இறங்க வேண்டும், எந்த ஆழத்தில் பலகை கொடுத்து மண்ணைத் தாங்க வேண்டும் என்பதெல்லாம் அவருடைய கைகளுக்கே தெரிந்திருந்தது. வெட்டும்போது கீர்த்தனை பாடுவார். ராகம் அவர் இழுத்த இழுப்புக்கு வரும். துக்க வீட்டார் வந்து சேர்ந்த பிறகாவது குரலைக் கொஞ்சம் தணித்துக்கொள்ளும்படி போதகர் ஐயா ஒருமுறை ஆள் அனுப்பியதும் உண்டு. தொழில்தான் துக்கத்தின் தொழில். மனிதரோ சிரித்த முகத்துக்காரர்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. குழி முடிந்ததும் துண்டை அவிழ்த்து அடியில் விரித்து, அதன்மேல் மல்லாந்து படுப்பார். அளவு பார்க்கிறார் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவரோ, "ஆண்டவரே, இந்தக் குழி எனக்குன்னு இருந்தா நான் இப்பமே ஆயத்தமா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கிடப்பார். காலையில் மனைவியிடம் முகம் சுளித்தது, கிணற்றடியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிய கடுஞ்சொல் எல்லாம் அப்போது தானாக நினைவுக்கு வரும். அழுது மன்னிப்புக் கேட்பார். மேலே ஏறியதும் முதல் வேலையாக அந்த ஆளைத் தேடிப் போய், மணல் ஒட்டிய கையோடு சமாதானம் பேசிவிட்டு வருவார். அவர் வருகிறதைப் பார்த்தாலே பக்கத்து வீட்டுக்காரர், "சரிப்பா, நான் மன்னிச்சுட்டேன், நீ கையக் கழுவிட்டு வா" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாராம்.

அவர் பிறந்தது முதல் இப்படி இருந்தவர் அல்லர். இருபத்தாறு வயது வரையில் கள்ளுக்கடையே அவருக்குக் கோயிலாக இருந்தது. தகப்பனாருக்குப் பின் குழி வெட்டும் வேலை அவர் கைக்கு வந்தபோது, கூலி வாங்குமுன்பே அது எங்கே போகும் என்பது ஊருக்கே தெரியும். ஒரு சித்திரை மாதத்தில் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் இறந்துபோனார். மாலை நான்கு மணிக்கு அடக்கம். சுவிசேஷமுத்து உச்சிவேளைக்குள் குழியை வெட்டி முடித்துவிட்டு, போய் நன்றாகக் குடித்துவிட்டு வந்தார். மேலே வெயில் கொளுத்தியது. குழிக்குள்ளோ மண் குளிர்ந்து கிடந்தது. கொஞ்ச நேரம் சாய்ந்துகொள்ளலாம் என்று இறங்கியவர் அங்கேயே தூங்கிப்போனார்.

சவ ஊர்வலத்தின் முன்னே பித்தளை வாத்தியக்காரர்கள் எக்காளம் ஊதிக்கொண்டு வந்தார்கள். அந்தச் சத்தத்தில்தான் சுவிசேஷமுத்துவுக்கு விழிப்பு வந்தது. நான்கு பக்கமும் மண்சுவர். தலைக்கு மேலே ஒரு துண்டு வானம். அந்த வானத்தை மறைத்துக்கொண்டு வெள்ளை அங்கியில் ஒருவர் குனிந்து பார்க்கிறார். உலக முடிவின் கடைசி எக்காளம் ஊதியாயிற்று, நியாயாதிபதி வந்துவிட்டார், நாமோ கள்வாடையோடு கிடக்கிறோம் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். எழுந்து உட்கார்ந்து, "ஆண்டவரே, எனக்கு இன்னும் ஒரு நாள் தாரும்" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

குழியிலிருந்து கை நீண்டதுதான் தாமதம், சுற்றி நின்ற கூட்டம் சிதறி ஓடியது. பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் வாத்தியாரை மணலில் பதனமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் ஓடினார்கள் என்று பின்னால் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். போதகர் ஒருவரே ஓடாமல் நின்றார். அங்கி காலைச் சுற்றிக்கொண்டதால் ஓட முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் சொன்ன பதிலைத்தான் சுவிசேஷமுத்து சாகும்வரை மறக்கவில்லை.

"ஒரு நாள் தந்தாச்சு. மேல ஏறி வா" என்றார் போதகர்.

ஏறி வந்தவர் பழைய ஆள் இல்லை. அடக்கம் முடிந்த கையோடு போதகரின் காலடியில் உட்கார்ந்து, தம் பாவங்களை ஒன்று விடாமல் சொல்லி அழுதார். அன்றைக்கு விட்ட கள்ளை அப்புறம் நாவால் தொடவில்லை. ஊர் ஒரு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவரும் கூடவே சிரித்தார். கேட்காதவர்களுக்கு அவரே முதலிலிருந்து சொல்லிக் காட்டினார்.

பின்பு அவர் ரெபேக்காளை மணந்தார். ஓலைக் குடிசையில் கஞ்சியும் கருவாடுமாக இருவரும் சந்தோஷமாகவே இருந்தார்கள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு வயதில் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் இறந்தது. வேறு ஆளை வைத்து வெட்டிக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை, தம் மகளுக்கான குழியைத் தாமே வெட்டினார். அந்தக் குழியில் மட்டும் அவர் படுத்துப் பார்க்கவில்லை. அவ்வளவு சிறியது அது. முழங்காலிட்டு, "நீர் வச்சிருக்க இடத்துல பிள்ளை சுகமா இருப்பா. எங்களைத்தான் கைவிடாம நடத்தும்" என்று மட்டும் ஜெபித்துவிட்டு மேலே வந்தார். மறு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவர் பாடியதைக் கேட்டவர்கள், இந்த மனிதருக்குக் குரல் எங்கிருந்து வருகிறது என்று வியந்தார்கள்.

அவருடைய குரல் அடைத்துப்போனது வேறொரு சாவில். பால்துரை என்ற பனையேறி அவருக்குக் கள்ளுக்கடைக் காலத்துக் கூட்டாளி. மனந்திரும்பிய நாளிலிருந்து சுவிசேஷமுத்து அவரை ஆண்டவரிடம் அழைக்காத வாரம் இல்லை. பால்துரையும் நல்லவர்தாம், மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பனைத்தொழில் முடியட்டும், ஆடி பிறக்கட்டும், வந்துவிடுகிறேன் என்பார். ஆனி கடைசி வாரத்தில் பாளை சீவ ஏறியவர் மட்டை முறிந்து விழுந்தார். பேச்சுமூச்சு இல்லாமலே உயிர் போயிற்று. மரத்தில் இருந்து தரைக்கு வருமுன் அவர் ஆண்டவரைக் கூப்பிட்டாரோ இல்லையோ, அது கர்த்தருக்கே வெளிச்சம். சுவிசேஷமுத்து மூன்று நாள் பாடவில்லை, ரெபேக்காள் வைத்த கஞ்சியைத் தொடவில்லை.

நான்காம் நாள் எழுந்தவர் ஒரு தீர்மானத்தோடு எழுந்தார். அதுமுதல் வழியில் யாரைக் கண்டாலும், நலம் விசாரிக்கிற மாதிரியே, "ஆண்டவரோட எல்லாம் சரியா இருக்கா? இன்னைக்கே சரிபண்ணிக்கிடுங்க" என்று கேட்கத் தொடங்கினார். கேட்கிறவர் குழி வெட்டுகிறவர் ஆயிற்றே. அளவெடுக்க வந்துவிட்டார் என்று டீக்கடையில் ஆட்கள் எழுந்து நகர்ந்தார்கள். காய்ச்சல்காரர் வீட்டு வாசல் வழியே அவர் போனால் கதவைச் சாத்தினார்கள். கல்யாண ஊர்வலம் அவர் தெருவைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவருக்குக் 'குழிமுத்து' என்று பெயரும் வைத்தார்கள். அவர் எதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை. ரெபேக்காள்தான் அதை வருத்தப்பட்டுச் சொன்னாள். அதற்கு அவர், என்னைக் கண்டதும் சாவு ஞாபகம் வருகிறது என்றால் நான் பாதி வேலையைப் பேசாமலே முடித்துவிட்டேன், மீதியைப் பேசி முடிக்க வேண்டியதுதான் என்று சிரித்தார்.

அவ்வூரில் சபையின் மூப்பராக ஞானாபரணம் என்பவர் இருந்தார். பெரிய கருப்பட்டி மண்டிக்காரர். ஆலயத்தில் முதல் வரிசை நாற்காலி அவருடையது. அவர் ஜெபம் பண்ண எழுந்தால், குழந்தைகள் தூங்கி எழுந்த பின்பும் ஜெபம் நடந்துகொண்டிருக்கும். அவருக்கு ஒரே மகள், பியூலா. அவள் தூத்துக்குடியில் விசைப்படகு எஞ்சின் பழுதுபார்க்கும் தொம்மை என்ற இளைஞனை விரும்பி மணந்தாள். கடற்கரைக்காரன், வேறு சபைக்காரன் என்று மூப்பர் அவளைத் தலைமுழுகினார். நான்கு வருஷம் கழித்து அவர் மனைவி நவமணியம்மாள் இறந்தபோது பியூலா பதறிக்கொண்டு வந்தாள். அவளைக் கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, உள்ளே விடக்கூடாது என்று மூப்பர் காவல் வைத்தார். ஜனங்கள் தலைகுனிந்து நின்றார்களே தவிர வாய் திறக்கவில்லை. எல்லாரும் போனபிறகு சுவிசேஷமுத்துதான் கேட்டைத் திறந்து அவளை அழைத்து வந்து, தாயின் கல்லறையில் ஒரு பிடி மண் போட வைத்தார்.

அடுத்த ஆண்டு புரட்டாசியில் மூப்பருக்கு ஓர் எண்ணம் வந்தது. தமக்கான கல்லறையைத் தாம் உயிரோடு இருக்கும்போதே கட்டிவிட வேண்டும். மனைவியின் பக்கத்திலேயே இடம், உள்ளே செங்கல் சுவர், மேலே சலவைக்கல்லும் சிறகு விரித்த தேவதூதனும். குழி வெட்டும் வேலை சுவிசேஷமுத்துவுக்கு வந்தது. அவர் இரண்டு நாளில் ஆறடி ஆழத்துக்குச் சீராக வெட்டி, வழக்கம்போல் படுத்துப் பார்த்துவிட்டு ஏறினார். மூப்பர் குடையும் கைத்தடியுமாகப் பார்க்க வந்தார். சுற்றி வந்து திருப்தியாகத் தலையசைத்தார்.

சுவிசேஷமுத்து மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார்: "மொதலாளி, வீடு ஆயத்தமாயிருச்சு. குடிவாரவரு ஆயத்தமா?"

மூப்பர் திரும்பிப் பார்த்தார். அடியார் நிறுத்தவில்லை. "தாய்க்கு மண்ணு போட வந்த பிள்ளைய வெளிய நிப்பாட்டுனிய. அதை ஆண்டவர்ட்ட சொல்லி அழுதுட்டு, அவளையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருங்க. நாளைக்குன்னு வைக்காதிய. பால்துரை ஆடி பிறக்கட்டும்னு சொன்னவன்தான்."

மூப்பரின் முகம் கருத்தது. "குழி வெட்டுதவன் குழிய வெட்டுனா போதும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சபைக் கமிட்டி கூடி, மூப்பரை அவமதித்ததற்காகச் சுவிசேஷமுத்துவை வேலையிலிருந்து நீக்கியது. பலகைகளும் கயிறும் பாடையும் வைத்திருக்கும் கொட்டகையின் சாவியை அவர் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். குழி வெட்டப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வைத்தார்கள்.

அடியார் செங்கல் சூளையில் மண் மிதிக்கப் போனார். அடுப்பெரியாத வேளைகள் வந்தன. நாக்கைக் கொஞ்சம் சுருட்டி வைத்திருந்தால் இந்தப் பாடு உண்டா என்று ரெபேக்காள் கேட்டாள். குழிக்குள் படுத்துக்கொண்டு ஆண்டவரிடம் ஆயத்தம் என்று சொல்லிவிட்டு, மேலே ஏறி வந்து மூப்பரிடம் வாயை மூடினால் அது பொய்யாகிவிடாதா என்றார் அவர். அவளும், அதுவும் சரிதான் என்று முருங்கைக் கீரை பறிக்கப் போனாள். கூலி இல்லை என்றாலும், கேட்பாரற்ற ஏழைகளின் கல்லறைகளில் முள் பிடுங்க வாரம் ஒருமுறை அவர் தோட்டத்துக்குப் போய்வந்தார். சம்பளம் இல்லாத வேலைக்குக் கமிட்டி தடை சொல்லவில்லை.

செங்கல் கட்ட வேண்டிய கொத்தனார் இன்று நாளை என்று இழுத்ததில் ஐப்பசி பிறந்துவிட்டது. மூப்பரின் குழிமேல் பனையோலை பரப்பி வைத்திருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை பிற்பகல் வானம் இருட்டிக்கொண்டு வந்து, கொட்டத் தொடங்கியது. சூளையில் வேலை நின்றதால் வீட்டில் உட்கார்ந்திருந்த சுவிசேஷமுத்துவுக்கு அந்தக் குழி நினைவுக்கு வந்தது. செங்கல் சுவர் வரும் என்று பலகை கொடுக்காமல் விட்ட குழி. மழைத் தண்ணீர் இறங்கினால் மண் சரியும். பக்கத்தில் உள்ள நவமணியம்மாளின் கல்லறையும் சேர்ந்து இடிந்து விழும். வெட்டியது நாம்தானே என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி ஓடினார்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும், நவமணியம்மாளின் கல்லறைப் பக்கமிருந்து ஒரு முனகல் கேட்டது. நாற்பது வருஷமாகக் கல்லறைகளுக்கு நடுவே பாடித் திரிந்தவருக்கும் அன்று ஒரு கணம் கால் நின்றுபோயிற்று. அருகே போய்ப் பார்த்தார். ஓலை உள்வாங்கிக் கிடந்தது. குழிக்கு அடியில், மார்பளவு ஈரமணல் மூடியபடி, மூப்பர் ஞானாபரணம் கிடந்தார். மழைக்கு முன்னால் குழியின் நிலையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், ஓலை மறைத்த விளிம்பில் காலை வைத்துவிட்டார். விழுந்ததில் கால் எலும்பு முறிந்திருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரலும் போய்விட்டது. பக்கச்சுவர் இன்னும் சரிந்துகொண்டே இருந்தது.

இழுத்தால் மணல் இன்னும் இறுகும் என்பது அடியாருக்குத் தெரியும். கொட்டகைப் பூட்டை மண்வெட்டியாலேயே தட்டி உடைத்துப் பலகைகளை எடுத்து வந்தார். எதிர்ப்பக்கத்தில் படி வெட்டிக் கீழே இறங்கி, சரிகிற சுவருக்குப் பலகைகளை முட்டுக் கொடுத்து, முதுகை ஒரு பலகையில் அண்டக் கொடுத்துக்கொண்டு, கையாலேயே மணலை அள்ளி வெளியே எறியத் தொடங்கினார். அள்ள அள்ளத் தண்ணீரோடு மணல் வந்து நிரம்பியது.

"சுவிசேஷம், நான் செத்துருவேனால?" என்றார் மூப்பர்.

"சாவ மாட்டிய மொதலாளி. பலகை தாங்கும்" என்றார் அடியார். மூச்சு வாங்கியபடி இன்னும் இரண்டு கை மணலை அள்ளி வீசினார். "ஆனா செத்தாலும் கவலை இல்லன்னு உங்களால சொல்ல முடியுமா?"

மழை இரைந்துகொண்டிருந்தது. முறிந்த காலின் வலியை விட வேறு ஏதோ ஒன்று மூப்பரின் முகத்தைக் கோணச் செய்தது.

"முடியாதுல" என்றார் கடைசியில். "எனக்குப் பயமா இருக்கு. நான் கோயில்ல நின்னு பேசுனதெல்லாம் வாய்ப்பேச்சு. அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்னு எத்தனையோ வருஷம் ஆச்சு."

"அப்பம் இப்பமே பேசிருங்க. எனக்கும் இப்படி ஒரு குழிக்குள்ளதான் பேச்சு தொடங்குச்சு. அவரு மூஞ்சியத் திருப்பிக்கிடலை."

மணி நேரக் கணக்கில் ஜெபிக்கத் தெரிந்த ஞானாபரணத்துக்கு அன்று வார்த்தை வரவில்லை. மணல் ஒட்டிய இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு, "ஆண்டவரே, நான் கெட்டவன். பெத்த பிள்ளைய விரட்டுனவன். என்ன விட்டுராதேயும்" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அழுகைதான் வந்தது. அடியாரும் அழுதார், அழுதுகொண்டே மணலை அள்ளினார். ஆமென் என்று சொன்னதும் மூப்பர், சின்னப் பிள்ளை கேட்கிறதுபோல், ஆண்டவர் கேட்டிருப்பாரா என்று கேட்டார். நான் கேட்டேனே, எனக்கே கேட்டது அவருக்குக் கேட்காதா என்றார் சுவிசேஷமுத்து. அந்த வேதனையிலும் மூப்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கணவர் தலைக்குச் சாக்குகூட இல்லாமல் ஓடிவிட்டாரே என்று சாக்கை எடுத்துக்கொண்டு ரெபேக்காள் பின்னாலேயே வந்து சேர்ந்தாள். குழிக்குள் இருவரையும் பார்த்ததும் சாக்கைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடி ஆறு பேரைக் கூட்டி வந்தாள். கயிறு கட்டி, மணல் பாரம் குறைத்து, மூப்பரை ஒருவழியாக மேலே தூக்கினார்கள். முறிந்த காலோடு எப்படிக் கொண்டுபோவது? கொட்டகையில் இருந்தது பாடை ஒன்றுதான். அதிலே கிடத்தி, மழைக்கு அவர் முகத்தின்மேல் ரெபேக்காளின் சாக்கைப் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து பாடை ஊருக்குள் வருவதை அதுவரை யாரும் கண்டதில்லை. யார், எப்போது என்று ஜனங்கள் மழையிலேயே கூடிவிட்டார்கள். மூப்பர் என்று யாரோ சொல்ல, ஆலயத்தில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை யோசிக்காமல் ஓடிப்போய்த் துக்கமணியை அடிக்கத் தொடங்கினார். நாலாவது மணியில் பாடைமேல் கிடந்தவர் சாக்கை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். "மணிய நிறுத்தச் சொல்லுங்கல. நான் இன்னைக்குத்தான் பிழைச்சிருக்கேன்" என்றார். அன்றும் கொஞ்சப் பேர் ஓடினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி இருப்பது தூத்துக்குடியில். காரில் ஏற்றியதும் மூப்பர் சுவிசேஷமுத்துவின் கையை விடவில்லை, அவரையும் ஏற்றிக்கொண்டார். ஊர் எல்லை தாண்டுமுன்பே, முதலில் பியூலா வீட்டுக்கு விடுங்கள் என்று டிரைவரிடம் சொன்னார். காலைக் கட்டிக்கொண்டு அப்புறம் போகலாமே என்று டிரைவர் சொன்னதற்கு, அப்புறம் என்ற பேச்சே வேண்டாம் என்றார். விளக்கு வைக்கும் நேரத்தில் கார் ஒரு சிறிய வீட்டின் முன் நின்றது. சத்தம் கேட்டுப் பியூலா வெளியே வந்தாள். பின்னாலேயே கையில் எண்ணெய்க் கறையோடு தொம்மையும் வந்தான். தலை முதல் கால் வரை செம்மண்ணாய்க் கிடக்கிறவர் தன் அப்பா என்று தெரிந்துகொள்ளவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எம்மா, உன்ன கேட்டுக்கு வெளிய நிப்பாட்டுனேன். பெரிய பாவம் அது. ஆண்டவர்ட்ட சொல்லிட்டேன். உங்கிட்ட சொல்ல வந்தேன்" என்றார் மூப்பர்.

பியூலா திரும்பி வீட்டுக்குள் போனாள். மூப்பரின் தலை கவிழ்ந்தது. போகலாம் என்று டிரைவருக்குச் சைகை காட்டினார். சுவிசேஷமுத்து, கொஞ்சம் பொறுங்கள் என்று அவர் கையை அழுத்தினார். உள்ளேயிருந்து அவள் வெந்நீரில் நனைத்த துவாலையோடு வந்தாள். கார்க் கதவைத் திறந்து, அப்பாவின் முகத்தில் அப்பியிருந்த மணலைக் கண்ணோரம், காதோரம் எல்லாம் பார்த்துப் பார்த்துத் துடைத்தாள். துடைத்து முடித்தபின்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"மொதல்ல காலைப் பாப்போம்ப்பா. தள்ளி உக்காருங்க, நாங்களும் வாரோம்" என்றாள். தொம்மை சட்டைகூட மாற்றாமல் முன் சீட்டில் ஏறிக்கொண்டான்.

மூன்று மாதம் கழித்து, சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகை நாளில், ஞானாபரணம் ஊன்றுகோலோடு ஆலயத்தில் எழுந்து நின்றார். நீண்ட ஜெபத்துக்கு எல்லாரும் ஆயத்தமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவரோ நடந்ததை நடந்தபடி நாலு நிமிஷத்தில் சொல்லி, எல்லார் முன்னும் சுவிசேஷமுத்துவிடம் மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் மகளும் மருமகனும் இருந்தார்கள். அன்று பந்தியில் அடியாருக்கு முதல் இலை போட்டு, மூப்பரே சோறு பரிமாறினார். வேலையும் சாவியும் திரும்பி வந்தன. செங்கலும் தேவதூதனும் வேண்டாம், குழியை மூடிவிடு என்று மூப்பர் சொன்னபோது, இந்த ஒரு வேலைக்கு நான் கூலியே வாங்க மாட்டேன் என்று சுவிசேஷமுத்து பாடிக்கொண்டே மூடினார்.

அதற்குப் பிறகு ஊருக்கு அவர்மேல் இருந்த பயம் தெளிந்தது. காய்ச்சல்காரர் வீடுகளில் அவரையே தேடி அழைத்தார்கள். பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள் அவரை நடுவில் வைத்துப் பேசிக்கொண்டார்கள். கேட்டவர் எல்லாரும் உடனே திருந்திவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆடி பிறக்கட்டும் என்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அவர்களிடமும் அவர் அலுக்காமல் போய்க்கொண்டிருந்தார்.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு வருஷம், உயிர்த்தெழுந்த திருநாள் வந்தது. அவ்வூர் வழக்கப்படி விடியற்காலை ஆராதனை கல்லறைத் தோட்டத்திலேயே நடக்கும். முந்தின வாரம் முழுவதும் அவர் ஒவ்வொரு கல்லறைக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தார். சபையார் மல்லிகையும் செவ்வந்தியுமாகக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கிழக்கு வெளுத்தது. போதகர் உயிர்த்தெழுதலின் செய்தியை வாசித்து முடிக்க, எல்லாரும் பாடத் தொடங்கினார்கள். அடியார் வேலி ஓரமாக ரெபேக்காளின் பக்கத்தில் நின்று உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். இரண்டாம் சரணத்தின் நடுவே சட்டென்று பாட்டை நிறுத்திக் கிழக்கே திரும்பினார். முகமெல்லாம் மலர்ந்தது.

"இந்தா வாரேன் ஆண்டவரே" என்றார்.

பக்கத்தில் நின்ற ரெபேக்காளும், தகப்பனாரைக் கைபிடித்து நின்ற பியூலாவும் அதைத் தெளிவாகக் கேட்டார்கள். அவரை அழைத்த குரல் மட்டும் வேறு யாருக்கும் கேட்கவில்லை. அவர் மெதுவாக மணலில் உட்கார்ந்து, வேலிக்காலில் சாய்ந்துகொண்டார். களைப்பாக இருக்கும் என்று எண்ணி அவர்கள் பாட்டு முடியும்வரை அவரைத் தொந்தரவு செய்யவில்லை. பாட்டு முடிந்து குனிந்து பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார். சிரிப்பு மட்டும் முகத்தில் இருந்தது.

போதகர் ஓடி வந்து, கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார். ரெபேக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காவ, ஐயா. நல்லாத் தெரிஞ்ச குரலுக்குப் பதில் சொல்லுத மாதிரிதான் சொன்னாவ."

அன்று பிற்பகலே அடக்கம் நடந்தது. திருநாள் உடுப்போடு வந்திருந்த சபையாரில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. குழிமுத்து என்று அழைத்த ஊர், அன்றிலிருந்து அவரைச் சுவிசேஷமுத்து ஐயா என்றே சொல்லி வருகிறது. கர்த்தர் தம்முடைய வாயால் பேர் சொல்லி அழைத்துக்கொண்ட அந்த எளிய அடியாரின் மகிழ்ச்சி, கேட்கிற நமக்கும் இன்றைக்கே உண்டாவதாக.